கைப்பிடி அரிசி

நுழையும் முன்

ஒரு பள்ளி பாடங்களை மட்டும் கற்பிப்பதில்லை. பிறரோடு எவ்வாறு வாழ்வது என்பதையும் அது கற்பிக்கிறது. தென்தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில், திருச்சபை நடத்திய தொடக்கப் பள்ளியில் பயின்ற ஆசிரியை ஒருவர், அங்கே தாம் கற்றதையும், கற்றதை ஒருமுறை மறந்ததையும் இக்கட்டுரையில் கூறுகிறார்.

*

மாணவர்களே! நான் இப்போது பணியாற்றும் ஊர் ஐசால். மிசோரம் மாநிலத்தின் தலைநகரம். மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல வீடுகள் அமைந்த நகரம் இது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு தளமாகத் தெரியும் வீடு, பின்புறம் சென்று பார்த்தால் மூன்று தளமாகப் பள்ளத்தில் இறங்கியிருக்கும். நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அறுபது வயதைக் கடந்த மிசோ மூதாட்டி. மரியாதையாக அவரைக் 'கா பீ' என்று அழைப்பேன்.

நான் இங்கு வந்த முதல் வாரம், ஒருநாள் விடியற்காலையில் வெந்நீர் வேண்டி அவருடைய சமையலறைக்குள் சென்றேன். அவர் சோறு சமைப்பதற்காக அரிசியை அளந்து பாத்திரத்தில் இட்டார். பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்பருகில் இருந்த சிறிய தகரக் குவளையில் போட்டு மூடினார். அது எதற்கு என்று கேட்டேன். "புஃபைதாம்" என்றார். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென எடுத்து வைக்கும் வழக்கத்திற்கு அதுவே பெயர். அவ்வரிசியை வாரந்தோறும் மகளிர் வீடுவீடாகச் சென்று திரட்டுவர். அதை விற்று வரும் பணம் திருச்சபையின் பணிகளுக்குப் பயன்படும். இவ்வழக்கம் மிசோரத்தில் 1910ஆம் ஆண்டளவில் தொடங்கியது.

அவர் சொல்லி முடித்தார். நான் வெந்நீரை மறந்து நின்றேன். வெகு தொலைவுக்கு அப்பால், செம்மணல் தேரியின் ஓரத்தில், பனைமரங்களுக்கு நடுவே இருந்த என் தொடக்கப் பள்ளியின் கலயம் என் கண்முன் வந்து நின்றது.

எங்கள் ஊர் பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. நெல் விளையாத ஊர். பனையேறுதலும் கருப்பட்டி காய்ச்சுதலும் ஓலைப்பெட்டி முடைதலுமே பிழைப்பு. அத்தகைய ஊர்களில் கல்வி எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு உருவாயிற்று. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்து பல ஊர்களில் பள்ளிகளைத் தொடங்கினார். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவ்வட்டாரத்தில் பணிபுரிந்தார். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய அறிஞர் என்று அவரை நீங்கள் அறிவீர்கள். எங்கள் பக்கத்து முதியவர்களோ அவரைத் தெருக்களை நேராக்கியவர், கிணறு வெட்டுவித்தவர், பள்ளி வைத்தவர் என்றே நினைவுகூர்வார்கள். ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு பள்ளி என்பது மெல்ல மெல்ல அப்பகுதியின் வழக்கமாயிற்று. பல ஊர்களில் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரே பள்ளியின் வாத்தியாராகவும் இருந்தார்.

நான் பிறப்பால் கிறித்தவள் அல்லள். எங்கள் குடும்பம் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கும் குடும்பம். ஊரில் பாதிப் பேர் கோயிலுக்குச் செல்பவர்கள். மீதிப் பேர் எங்களைப் போன்றவர்கள். ஆனால் ஊரில் இருந்தது ஒரே பள்ளி. என் பாட்டி தினமும் காலையில் என் நெற்றியில் திருநீறு பூசியே அனுப்புவாள். "பள்ளிக்கூடத்தில் அழித்துவிடுவார்களோ?" என்ற ஐயம் அவளுக்கு இருந்தது. நான் மாலையில் வீடு திரும்பும்போது முதலில் என் நெற்றியைத்தான் பார்ப்பாள். ஐந்தாண்டுகளில் ஒருநாளும் அதனை எவரும் அழிக்கவில்லை. வியர்வைதான் அழித்தது.

அப்பள்ளி ஓடு வேய்ந்த ஒரு நீண்ட கூடம். நடுவில் சுவர் கிடையாது. ஐந்து வகுப்புகளும் ஐந்து மூலைகளில் என்று வேடிக்கையாகச் சொல்வோம். முதல் வகுப்பில் மணலைப் பரப்பி விரலால் எழுதினோம். இரண்டாம் வகுப்பில் சிலேட்டு வந்தது. கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைப்போம். கோயில் மணியே பள்ளி மணி. காலையில் ஒரு பாட்டும் ஜெபமும் உண்டு. கண்மூடி நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் யார் கண் திறந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவே நாங்கள் கண்களைத் திறந்து வைத்திருப்போம். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின்படி மதியம் சோறு கிடைத்தது. சோற்றின் முன்னும் ஒரு சிறு ஜெபம். சோறு ஆறும் அளவுக்கு நீளாதிருந்தால் அந்த ஜெபம் எங்களுக்குப் பிடிக்கும்.

எல்லாம் இனிமையாகவே இருந்தன என்று நான் சொல்ல மாட்டேன். பிரம்பு இருந்தது. வாய்ப்பாடு தவறினால் அதன் சுவையை நானும் அறிவேன். ஊரில் சாதியும் இருந்தது. திருச்சபைக்குள் வந்தவர்களிடமும் அது முற்றிலும் நீங்கியிருக்கவில்லை. ஆயினும் அதற்கு எதிரான பழக்கத்தைச் சிறுவயதிலேயே கைகளுக்கும் கால்களுக்கும் கற்றுக்கொடுக்க அப்பள்ளி முயன்றது. தண்ணீர்ப் பானைக்கு ஒரே குவளை. உணவுக்கு ஒரே பந்தி. யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதைப் பெரிய டீச்சர் தினமும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் அசனப் பண்டிகையும் எங்களுக்கு ஒரு பாடமே. அன்று ஊர் முழுவதும் ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்ணும். வசதி உள்ளவர்கள் அரிசி மூட்டை கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து முருங்கைக்காய் செல்லும். ஸ்தோத்திரப் பண்டிகையில் அவரவர் விளைவித்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பின்னர் அவற்றை ஏலம் விடுவார்கள். ஓர் ஏழைக் கிழவி கொண்டுவந்த ஒற்றைக் கோழி முட்டை ஏலத்துக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் அதை எடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டு, மீண்டும் ஏலத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரும் அவ்வாறே செய்தார். அந்த முட்டை ஆட்டுக்கிடாயின் விலையை எட்டியது. கிழவி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இனி அந்தக் கலயத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவர வேண்டும். கூடத்தின் கடைசியில், பாய்களும் பழைய வருகைப் பதிவேடுகளும் வைக்கும் சிறிய அறை ஒன்று உண்டு. அதன் இருட்டான மூலையில் ஒரு கலயம் இருந்தது. பதநீர் இறக்கும் கலயம்தான், வாய் குறுகியது. ஒரு குழந்தையின் மூடிய கை நுழையும், அவ்வளவே. பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்குள் செல்ல வேண்டும். "கையை மூடிக்கொண்டே போக வேண்டும், மூடிக்கொண்டே வர வேண்டும்" என்பது பெரிய டீச்சரின் கட்டளை. வெள்ளிக்கிழமை அவர் அரிசியை அளந்து எடுத்துக்கொள்வார். அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. தருமம் பிறர் காணச் செய்யப்படலாகாது என்பது மலைப்பொழிவில் இயேசு கற்பித்தவற்றுள் ஒன்று. அதைப் பெரிய டீச்சர் எங்களுக்கு ஒருமுறை கதையாகச் சொன்னார். ஆனால் கதையைவிடக் கலயத்தின் வாய்தான் எங்களுக்கு அதை நன்றாகப் புரியவைத்தது.

நான் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, ஆனி மாதத்தில் ஒருநாள், என் தந்தை பனையிலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, கால் எலும்பு முறிந்தது. பதநீர்ப் பருவம் முடியும் முன்பே எங்கள் வீட்டு வருமானம் முடிந்தது. அம்மா இரவு பகலாக ஓலைப்பெட்டி முடைந்தாள். அரிசிப் பானையில் அம்மாவின் கை உரசும் ஒலி எனக்குக் கேட்கும். பானை நிறைந்திருந்தால் அந்த ஒலி வராது என்பதை அந்த வயதிலேயே அறிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை வந்தது. நான் அம்மாவிடம் அரிசி கேட்கவில்லை. வெறுங்கையை இறுக மூடிக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன். என் முறை வந்ததும் இருட்டறைக்குள் போனேன். மூடிய கையைக் கலயத்துக்குள் விட்டேன். உள்ளே விரல்களை விரித்தேன். மீண்டும் மூடிக்கொண்டு வெளியே வந்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரிய டீச்சர் தலை நிமிராமல், "அடுத்தவர்" என்றார்.

இவ்வாறு நான்கு வாரங்கள் நடந்தன. ஒவ்வொரு வாரமும் நான் திருடியதாகவே உணர்ந்தேன். எடுப்பதுபோலவே கொடுக்காமையும் திருட்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே அவ்வாறு நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது வாரம், வெள்ளிக்கிழமை மாலையில், பெரிய டீச்சர் தம் கறுப்புக் குடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் என்னைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பன்னிரண்டு பெட்டி வேண்டும்; நன்றாக முடைவது நீதான் என்று சொன்னார்கள்" என்று அம்மாவிடம் சொன்னார். "கூலியைப் பணமாகக் கொடுக்க இப்போது கையில் இல்லை. அரிசியாக வாங்கிக்கொள்வாயா?" என்று கேட்டார். கேட்கும்போது, ஏதோ தாமே அம்மாவிடம் ஓர் உதவியை வேண்டுவதுபோல அவர் குரல் இருந்தது. அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சரி டீச்சர்" என்றாள். அன்றிரவு அம்மா பெட்டி முடையும்போது ஒவ்வோர் ஓலையையும் இருமுறை இழுத்துப் பார்த்து முடைந்தாள். அவ்வளவு நேர்த்தியான பெட்டிகளை அவள் அதற்கு முன்பும் முடைந்ததில்லை, பின்பும் முடைந்ததில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் கேட்கும் முன்பே என் கையில் ஒரு பிடி அரிசியை வைத்தாள்.

நான் முதுகலைத் தமிழும் கல்வியியலும் முடித்து, மத்தியப் பள்ளியில் வேலை பெற்றபின், ஓய்வு பெற்றிருந்த பெரிய டீச்சரைப் பார்க்கச் சென்றேன். நெடுநாள் நெஞ்சில் இருந்ததை அன்று கேட்டேன். "டீச்சர், நான் வெறுங்கையோடு வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எந்த வருஷம் அம்மா அது?" என்றார். சொன்னேன். சற்று யோசித்துவிட்டுத் தலையை அசைத்தார். "எனக்கு நினைவில்லையே! ஒவ்வொரு வருஷமும் யாராவது அப்படி வருவார்கள். அதற்குத்தானே அந்தச் சின்ன வாய்க் கலயம்" என்றார்.

என் வாழ்வின் பெரிய இரகசியம் அவருக்கு நினைவில்கூட இல்லை என்பது முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. ஊர் திரும்பும் பேருந்தில்தான் வேறொன்று புரிந்தது. அவர் எனக்காக மட்டும் இரக்கப்படவில்லை. யார் வந்தாலும் தலைகுனியாமல் போகும்படி ஒரு வழியை முன்னரே அமைத்து வைத்திருந்தார்.

மாணவர்களே! இவ்வளவும் அறிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு ஊர் ஒன்றில் பணியாற்றினேன். வெள்ள நிவாரணத்துக்காக வகுப்பில் நிதி திரட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. மாணவர்களை ஊக்குவிக்கலாம் என்று எண்ணி, கரும்பலகையில் ஒவ்வொருவர் பெயரையும் எதிரே அவர் தந்த தொகையையும் எழுதினேன். வகுப்பில் போட்டி மூண்டது. தொகை பெருகியது. எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு மாணவனின் பெயருக்கு எதிரே மட்டும் வெற்றிடம் இருந்தது. மூன்று நாள்கள் அது அப்படியே இருந்தது. நான்காம் நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் நாணயங்களாகவே இருபது ரூபாய் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. அவனுடைய மதிய உணவுப் பை அன்று மெலிந்திருந்ததை, உணவு இடைவேளையில்தான் கவனித்தேன்.

அந்த நாணயங்களைப் பார்த்தபோது எனக்குக் கலயம் நினைவுக்கு வந்தது. வாய் குறுகிய அந்தக் கலயத்தை என் கையாலேயே உடைத்துவிட்டேன் என்று உணர்ந்தேன். கரும்பலகையை உடனே அழித்தேன். ஆனால் மூன்று நாள்கள் நாற்பது பேர் படித்ததை அழிக்க முடியுமா? அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேடம்" என்றான். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். பரவாயில்லை என்று நான் இன்றுவரை எண்ணவில்லை.

ஐசாலுக்கு மீண்டும் வருகிறேன். 1894 சனவரி 11ஆம் நாள் லோரெயின், சாவிட்ஜ் என்னும் இரு சமயப் பணியாளர்கள் இம்மலைக்கு வந்து சேர்ந்தனர். மிசோ மொழிக்கு எழுத்து முறையை அமைத்து, அவ்வாண்டே ஒரு சிறு பள்ளியையும் தொடங்கினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாநிலத்தின் எழுத்தறிவு 91 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஆனால் இங்குள்ள பண்புகள் அனைத்தும் வெளியிலிருந்து வந்தவை அல்ல. தன்னலம் கருதாது பிறருக்கு உதவுவதை மிசோ மக்கள் 'த்லோம்ங்ஐனா' என்பர். பள்ளியும் திருச்சபையும் வருவதற்கு முன்பே அவர்களிடம் இருந்த அறம் அது. நெடுஞ்சாலையோரத்தில் ஆளில்லாக் கடைகளை நீங்கள் இங்கே காணலாம். காய்கறிகளும் பழங்களும் விலை எழுதி வைக்கப்பட்டிருக்கும். அருகில் ஒரு பெட்டி. வேண்டியதை எடுத்துக்கொண்டு பணத்தைப் போட்டுவிட்டுச் செல்ல வேண்டும். யாரும் பார்ப்பதில்லை.

ஈகையைப் பாடிய வள்ளுவர், இரத்தலின் துன்பத்தையும் தனி அதிகாரங்களில் வைத்துப் பாடினார். கொடுப்பவர் நெஞ்சை அறிவது எளிது. பெறுபவர் நெஞ்சை அறிவது அரிது. அவ்வரிய பாடத்தை எனக்கு ஒரு தொடக்கப் பள்ளி கற்பித்தது. அது கிறித்தவத் திருச்சபை நடத்திய பள்ளி. திருநீறு பூசிய ஒரு சிறுமிக்கு அது அப்பாடத்தைக் குறைவின்றிக் கற்பித்தது.

இப்போது என் வகுப்பில் நிதி திரட்ட நேர்ந்தால் நான் பெயர் எழுதுவதில்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் காகித உறை ஒன்று கொடுக்கிறேன். உறையை ஒட்டித் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே விதி. சில உறைகள் வெறுமையாக வரும். அவற்றையும் மற்றவற்றோடு சேர்த்து எண்ணுகிறேன். வகுப்பில் எத்தனை பேரோ, அத்தனை உறைகள். கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கிறது.

*

சொல்லும் பொருளும்

தேரி – செம்மணல் மேடு
கலயம் – சிறு மண்பாண்டம்
அசனம் – உணவு. ஊர் கூடி உண்ணும் விருந்து
உபதேசியார் – சிற்றூர்க் கோயிலில் வழிபாடு நடத்துபவர்
இரத்தல் – பிறரிடம் வேண்டுதல்

சிந்தித்து எழுதுக

1. கலயத்தின் வாய் குறுகலாக இருந்ததன் பயன் யாது?
2. பெரிய டீச்சர் அரிசியைக் கூலியாகக் கொடுத்தது ஏன்? அதை அம்மா எவ்வாறு ஏற்றுக்கொண்டார்?
3. தம் இரகசியம் பெரிய டீச்சருக்கு நினைவில்லை என்பதிலிருந்து கட்டுரையாளர் எதைப் புரிந்துகொண்டார்?
4. "கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கிறது" – இத்தொடரை விளக்குக.
5. நீங்கள் வாழும் ஊரில் மக்கள் ஒருவருக்கொருவர் உதவும் வழக்கம் ஒன்றைக் கண்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.